தெரியாத துறையில் லாபம் தரும் இணையதளம்: உப்புத் தண்ணீரை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஒரு துறையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இணையதளம் தொடங்குபவரிடம் ஒரு சொத்து இருக்கிறது. வாங்கப் போகிறவருக்கு எங்கே குழப்பம் வருமோ, அவருக்கும் அதே இடத்தில் வரும். பத்து நாள் படித்துவிட்டால் அந்தக் குழப்பம் கரைந்துபோகும். அதன்பிறகு 'ரெசின்', 'ரீஜெனரேஷன்' என்று டீலர் மொழியில் எழுத ஆரம்பித்துவிடுவார். தேடி வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அந்தக் குழப்பத்தைக் கரைவதற்குள் பிடித்து வைப்பதும், பிறகு அதற்கான விடையை அளந்து பார்த்துச் சொல்வதும்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு. மிச்சமெல்லாம் ஒரு வார இறுதியில் முடிகிற வேலை.

வெறும் பொதுவிதிகளாகச் சொன்னால் பயன்படாது என்பதால், இங்கே ஒரே உதாரணத்தை எடுத்து நடக்கிறோம்: தமிழ்நாட்டு வீடுகளின் போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். உங்கள் பொருள் சோலார் பேனலாகவோ, மாவு அரைக்கும் கிரைண்டராகவோ, மாடித் தோட்டமாகவோ இருக்கலாம். வரிசை மாறாது.

## பொருளைத் தேர்ந்தெடுப்பது

பிடித்த பொருளா என்று பார்க்க வேண்டாம். வேறு நான்கைப் பாருங்கள். வாசகர் கையிலிருந்து ஒரே தடவையில் 5,000 ரூபாய்க்கு மேல் போகிற முடிவு அதில் இருக்கிறதா? வாங்கிய பிறகும் வருடாவருடம் செலவு தொடர்கிறதா? ஊருக்கு ஊர் பதில் மாறுகிறதா? கடைசியாக, மலிவான கருவியை வைத்து வீட்டிலேயே நீங்கள் அளக்க முடியுமா?

உப்புத் தண்ணீர் நான்கிலும் தேறுகிறது. வீட்டுக்கு மொத்தமாக சாஃப்ட்னர் (தண்ணீரின் சுண்ணாம்பை நீக்கும் கருவி) வைத்தால் பல்லாயிரம் ரூபாய், ஆர்.ஓ. வாங்கினால் ஆண்டுதோறும் ஃபில்டர் மாற்ற வேண்டும். கோவையின் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கும், ராமநாதபுரத்தில் போர் போட்ட வீட்டுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஊரைச் சார்ந்த பதில் முக்கியம். ஊரைச் சாராத கேள்விக்கு, 2024-ல் இந்தியாவுக்கு வந்த கூகுளின் ஏஐ சுருக்கமே மேலே நின்று பதில் சொல்லிவிடுகிறது. வாசகர் உங்கள் பக்கத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

மருத்துவம், கடன், பங்குச்சந்தை ஆகிய மூன்றையும் முதல் தளத்துக்குத் தொடாதீர்கள். பணத்தையும் உடலையும் பாதிக்கும் பொருள்களுக்கு கூகுள் கடுமையான அளவுகோல் வைத்திருக்கிறது. தெரியாதவர் எழுதி அங்கே மேலே வருவதும் கடினம், வந்தால் ஆபத்தும்கூட. தண்ணீரிலும் உடல்நலம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதை எப்படி ஒதுக்குவது என்று பிறகு வருகிறது.

## முதல் வாரம்: கேள்வி நோட்டு

எதையும் படிப்பதற்கு முன் ஒரு நோட்டில் உங்களுக்குத் தோன்றும் கேள்விகளை எல்லாம் எழுதுங்கள். முட்டாள்தனமானவைதான் விலைமதிப்புள்ளவை. 'ஆர்.ஓ. இருந்தால் சாஃப்ட்னர் எதற்கு?' 'உப்பைப் போட்டா உப்பை எடுப்பார்கள்?' 'டிடிஎஸ் 800 என்றால் குளிக்கலாமா?' (டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவு.) குறைந்தது 60 கேள்விகள் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பிறகு கூகுள் தேடல் பெட்டியில் ஒவ்வொரு கேள்வியின் முதல் இரண்டு சொற்களை மட்டும் தட்டி, கீழே விரிகிற பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை மூன்று விதமாகச் செய்ய வேண்டும்: தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில், சுத்த ஆங்கிலத்தில். போனில் குரல் தேடலையும் ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். அங்கே பேச்சுத்தமிழ் வரும். பாடப்புத்தகத்தில் 'கடின நீர்' என்று படித்தவர்கள்கூட வீட்டில் 'உப்புத் தண்ணி', 'சவுட்டுத் தண்ணி', 'சுண்ணாம்புத் தண்ணி' என்றுதான் சொல்கிறார்கள். 'கடின நீர் மென்மையாக்கி' என்று தலைப்பு வைத்தால் பள்ளி மாணவர்கள் வருவார்கள். அவர்கள் சாஃப்ட்னர் வாங்கமாட்டார்கள்.

நோயின் பெயர் தெரியாதவர் அறிகுறியைத்தான் தேடுவார். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, டைல்ஸில் வெள்ளைக் கறை, டீயின் மேல் ஆடை, கீசரில் தண்ணீர் சூடாக நேரமாகிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கால்சியம்தான். ஆனால் ஐந்தும் ஐந்து தனிக் கட்டுரைகள். இந்த அறிகுறிக் கட்டுரைகளில்தான் புதுத் தளம் முதலில் மேலே வரும்.

ஒரு வேடிக்கையான பொறியும் இருக்கிறது. 'டிடிஎஸ்' என்று தேடினால் பாதிக்குப் பாதி வருமான வரிப் பிடித்தம்தான் வந்து நிற்கும். தலைப்பில் 'தண்ணீர் டிடிஎஸ்' என்று சேர்த்தே எழுத வேண்டும். ஒவ்வொரு துறையிலும் இப்படி ஒரு இரட்டைச் சொல் இருக்கும். முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

## போட்டியை எடைபோடுவது

கட்டணக் கருவிகள் இப்போது வேண்டாம். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரும் ட்ரெண்ட்ஸும் போதும். தமிழ்த் தேடல்களுக்குப் பெரும்பாலும் பூஜ்யம் அல்லது '10 முதல் 100' என்று காட்டும். அதை நம்பிப் பொருளைக் கைவிடாதீர்கள். ஒரே கேள்வியை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் தேடுவதால் எண்ணிக்கை சிதறிப்போகிறது.

நோட்டிலிருந்து 20 கேள்விகளை எடுத்து, மறைவு முறையில் (இன்காக்னிட்டோ) உலாவியைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் முதல் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நிறுவனங்களின் விற்பனைப் பக்கம், செய்தித்தாளின் பழைய துணுக்கு, தலைப்புக்குத் தொடர்பில்லாத வீடியோ, கேள்வி-பதில் தளத்தில் இரண்டு வரி என்று கிடந்தால் அங்கே இடம் காலியாக இருக்கிறது. அளவு, படம், கணக்கு எல்லாம் வைத்து ஒருவர் ஏற்கெனவே முழுதாக எழுதியிருந்தால் அது அவருடைய இடம். 20-ல் 12 காலியாக இருந்தால் தொடங்கலாம். 6-க்குக் கீழே என்றால் பொருளைக் குறுக்குங்கள்: 'தண்ணீர் சுத்திகரிப்பு' என்பதிலிருந்து 'வீட்டுப் போர் தண்ணீர்' என்று.

## கற்பது: புத்தகம், ஆள், அளவு

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் தளங்கள்தான் இணையத்தில் குப்பையாகக் கிடக்கின்றன. மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் தரநிலை ஆவணம். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 இருக்கிறது. அதன்படி கரைந்த திடப்பொருள் (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு (தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) 200, 600. ஃபுளூரைடுக்கு 1, 1.5. நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது. இந்த நான்கு வரியை மனதில் ஏற்றிக்கொண்டாலே, 'டிடிஎஸ் 300-க்கு மேல் விஷம்' என்று எழுதும் பாதித் தளங்களைத் தாண்டிவிடுவீர்கள். அடுத்து, ஐந்தாறு கருவிகளின் பயனர் கையேடுகளை இறக்கி, 'உத்தரவாதம் செல்லாது' என்ற பகுதியை மட்டும் படியுங்கள். கருவி எந்தத் தண்ணீரில் தோற்கும் என்று கம்பெனியே அங்கே எழுதி வைத்திருக்கும்.

பிறகு ஆட்கள். ஒரு பிளம்பர், ஒரு டீலர், ஆய்வகத்தில் வேலை செய்பவர் ஒருவர், அபார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் கணக்குப் பார்ப்பவர் ஒருவர். 'எது நல்ல பிராண்ட்?' என்று கேட்காதீர்கள். கமிஷன் எதில் அதிகமோ அதைச் சொல்வார்கள். 'போன மாதம் எந்த மெஷினைக் கழற்றினீர்கள், ஏன்?' என்று பிளம்பரிடம் கேளுங்கள். 'வாங்கின ஆள் ஆறு மாதம் கழித்து எதற்காக போன் பண்ணித் திட்டுவார்?' என்று டீலரிடம் கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியும் எந்தத் துறைக்கும் பொருந்தும். வருகிற விடை வேறெங்கும் கிடைக்காது.

மூன்றாவது, அளப்பது. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய். கடினத்தன்மையைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஆயிரத்துக்குள் கிடைக்கும். பத்து வீடுகளில் அளந்து பாருங்கள். மோட்டாரை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகே தண்ணீரைப் பிடிக்க வேண்டும். தேங்கிக் கிடந்த குழாய்த் தண்ணீர் தவறான அளவைக் காட்டும். அதில் இரண்டு மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் போன்ற இடத்தில் கொடுத்து முழு அறிக்கை வாங்குங்கள். அந்த அறிக்கையை வரிக்கு வரி விளக்கும் ஒரு கட்டுரையே தளத்தின் தூணாக நிற்கும்.

அளந்தால்தான் தெரியும் விஷயங்கள் உண்டு. டிடிஎஸ் மீட்டர் மின்கடத்துதிறனைத்தான் அளக்கிறது. உப்பு கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. ஃபுளூரைடும் கிருமியும் அதன் கண்ணுக்குத் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளூரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தப் பகுதி வாசகரிடம் 'டிடிஎஸ் 400 தானே, நல்ல தண்ணீர்' என்று எழுதினால் அது பிழை என்பதோடு நிற்காது, கேடு.

## டீலர் சொல்லாத கணக்கு

தளத்தின் லாபம் இதில்தான் பிறக்கிறது என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். வாசகர் பணம் கட்டுவதற்கு முந்தின இரவு அவருக்கு வேண்டியது ஒரு கணக்கு.

சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 40 முதல் 60 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள மெஷினை எடுத்துக்கொண்டு, 50 கிராம் என்று வைத்தால் 1,250 கிராம். தண்ணீரின் கடினத்தன்மை 600 என்றால் லிட்டருக்கு 0.6 கிராம். ஆக, சுமார் 2,080 லிட்டர் ஓடியதும் ரெசின் நிரம்பிவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான திட்ட அளவில் நால்வர் குடும்பத்துக்கு 540 லிட்டர். நான்கு நாள்கூடத் தாங்காது. ஒவ்வொரு தடவையும் ரெசினைக் கழுவ, லிட்டர் ரெசினுக்கு 120 கிராம் வீதம் 3 கிலோ உப்பு. மாதத்துக்கு 23 கிலோ.

கழிப்பறை ஃபிளஷுக்குப் போகும் தண்ணீரை (அந்த 135-ல் 45 லிட்டர்) சாஃப்ட்னருக்கு முன்பே தனிக் குழாயில் பிரித்துவிட்டால், ஒரு தடவை கழுவினால் ஐந்தரை நாளுக்கு மேல் வரும். மாத உப்பு 16 கிலோவுக்குள் அடங்கும். வீடு கட்டும்போதே சொன்னால் ஒரு டீ ஜாயின்ட் செலவு. கட்டி முடித்தபின் சொன்னால் சுவரை உடைக்க வேண்டும். 'வீடு கட்டுகிறவர்கள் பிளம்பிங்குக்கு முன் படிக்க' என்று இதற்குத் தனிக் கட்டுரை எழுதுங்கள்.

இந்தக் கணக்கையே மூன்று கட்டம் உள்ள கால்குலேட்டராகப் பக்கத்தில் வையுங்கள்: கடினத்தன்மை, ஆட்கள், ரெசின் அளவு. எளிய ஜாவாஸ்கிரிப்டில் முப்பது வரி. ஏஐ கருவியிடம் கேட்டாலே எழுதித் தரும். ஆனால் மேலே உள்ள எண்களைப் போட்டு விடை சரிதானா என்று பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும். சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது. 100 மி.கி. கடினத்தன்மையை எடுத்தால் 46 மி.கி. சோடியம் சேரும், 600-ஐ எடுத்தால் 276. அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு வைக்கக் கூடாது. ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். வீடு முழுவதற்கும் அதை வைப்பது வீண். பொருளின் குறையை எண்ணோடு சொல்லும் பக்கத்தைத்தான் குடும்ப வாட்ஸப் குழுவில் பகிர்கிறார்கள். வாங்கும் லிங்க்கும் அங்கேதான் அழுத்தப்படுகிறது.

## எத்தனை கட்டுரை, எந்த வரிசையில்

முதல் ஆறு மாதத்துக்கு 35 முதல் 40 கட்டுரை போதும். 12 அறிகுறிக் கட்டுரை, 8 'எப்படி' கட்டுரை (கீசர் சுண்ணாம்பை எடுப்பது, தண்ணீர் மாதிரி எடுப்பது), 6 ஒப்பீடு, 4 கணக்கு, மீதி ஊர்வாரி. ஊர்வாரிக் கட்டுரையை நீங்கள் அளந்த ஊருக்கு மட்டும் எழுதுங்கள். ஒரே பத்தியில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி 38 மாவட்டத்துக்கும் பக்கம் போடுவது பழைய தந்திரம். கூகுள் 2024 மார்ச்சில் கொண்டுவந்த மொத்த உற்பத்திக் குப்பைக்கான விதி இதைத்தான் குறிவைக்கிறது. தளமே தேடலிலிருந்து மறைந்துவிடலாம். ஏஐயிடம் நூறு கட்டுரை எழுதி வாங்கி ஏற்றுவதும் அதே விதியில் வரும்.

ஏஐ இன்னொரு வகையிலும் காலை வாரும். தமிழில் சாஃப்ட்னரையும் பியூரிஃபையரையும் குழப்பி, 'மென்மையாக்கி டிடிஎஸ்ஸைக் குறைக்கும்' என்று நம்பிக்கையோடு எழுதித்தரும். பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்க, தலைப்புகளை வகைபிரிக்க வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் காரணமும் உங்கள் நோட்டிலிருந்து வரட்டும்.

ஒவ்வொரு கட்டுரையிலும் கேள்விக்கான நேரடி விடை முதல் மூன்று வரியில் இருக்க வேண்டும். 'நீரின்று அமையாது உலகெனின்' என்று குறளில் தொடங்குகிற வழக்கம் நம்மிடம் உண்டு. கீசர் ரிப்பேராகி நிற்பவருக்கு அது வேண்டாம். விடைக்குப் பின் காரணம், அளவு, நீங்களே எடுத்த படம், எப்போது இந்த வழி பலிக்காது என்ற பகுதி, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்ற குறிப்பு. நீளம் 700 சொல்லோ 2,000 சொல்லோ, விடை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு.

முதல் பத்துக்குள் ஒரு கட்டுரையைக் கண்டிப்பாக வையுங்கள். வீட்டுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். உங்கள் தண்ணீர் செம்மண் நிறமாகும், அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். கரைந்து வருவது கம்பியிலுள்ள இரும்பு. தாது உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், அதனால் இரும்பு கரையும். உப்பு இல்லாததில் ஓடாது. ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டால் அதுவும் அழுக்காகும். படம் எடுத்துப் போடுங்கள்.

உடல்நலக் கூற்றுகளை இப்படி ஒதுக்குங்கள்: முடி கொட்டுவதற்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று எழுதாதீர்கள். 'சோப்பு படிந்து முடி முரடாகும். கொட்டினால் தோல் மருத்துவரைப் பாருங்கள்' என்பதோடு நிறுத்துங்கள். கறை நீக்கும் கட்டுரையில், ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும் என்ற எச்சரிக்கை மேலேயே இருக்க வேண்டும். மார்பிள் தரையில் எலுமிச்சை உப்புகூட அரிக்கும் என்பதையும் சேருங்கள். தண்ணீர் வேதியியல் தெரிந்த, ஓய்வுபெற்ற ஒருவருக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பத்து முக்கியக் கட்டுரைகளைத் திருத்தி வாங்கி, சம்மதத்தோடு அவர் பெயரைப் போடுங்கள். இந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

## தளத்தை எழுப்புவது

ஒரு டொமைன் (தளத்தின் பெயர்), ஒரு சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்), தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள், ஜெனரேட்பிரஸ் அல்லது கேடன்ஸ் போன்ற எடை குறைந்த தீம் (பக்க வடிவமைப்பு). பிளகின், அதாவது கூடுதல் வசதிகள், ஐந்துக்கு மேல் வேண்டாம்: எஸ்இஓ (தேடலில் மேலே வர உதவுவது), கேச் (பக்கத்தை விரைவாகத் திறக்க வைப்பது), பேக்கப், படிவம், படச் சுருக்கம். ஹோஸ்டிங் விளம்பரத்தில் காட்டுவது முதல் தவணை விலை. புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்காகும் என்பதால் புதுப்பிப்பு விலையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். தளம், கருவி, ஆய்வக அறிக்கை, திருத்துபவர் எல்லாம் சேர்த்து முதல் ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஒதுக்கினால் நெருக்கடி இல்லாமல் போகும்.

தமிழுக்கே உரிய ஒரு வில்லங்கம் பக்க முகவரியில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் உள்ளே ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிக்கு 200 எழுத்துதான் இடம். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் 22 குறியில் இடம் தீர்ந்துவிடும். 'உப்புத் தண்ணீர் சாஃப்ட்னர்' என்பதே மூன்றாவது சொல்லின் நடுவில் அறுந்துபோகும். வாட்ஸப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளின் ஊர்வலமாக வேறு தெரியும். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் நான்கைந்து சொல்லுக்குள் கையால் எழுதுங்கள். வெளியிட்டபின் மாற்றாதீர்கள்.

எழுத்துருவை வெளியிலிருந்து இறக்காமல் போனில் இருப்பதையே பயன்படுத்தினால் பக்கம் விரைவாகத் திறக்கும். தமிழ் எழுத்து மேலும் கீழும் விரியும் என்பதால் வரி இடைவெளி 1.7 மடங்கு, அளவு 18 பிக்சல். படங்கள் வெப்பி வடிவில் 100 கேபிக்குள். முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு. அதைக் கையில் இருக்கும் விலை குறைந்த போனில் பாருங்கள், லேப்டாப்பில் வேண்டாம். தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை (பக்கங்களின் பட்டியல்) கொடுத்துவிட்டால் கட்டுமானம் முடிந்தது. லோகோவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செலவழிப்பது எழுதாமல் தள்ளிப்போடும் உத்தி.

## பணம் எங்கிருந்து வரும்

பலரும் விளம்பரத்தில் தொடங்குவார்கள். மாதிரிக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். எண்கள் எல்லாம் ஊகம், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 15,000 பக்கப் பார்வை, ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்றால் விளம்பரத்தில் 600 ரூபாய். அதே தளத்தில் சாஃப்ட்னர் அளவுக் கணக்குப் பக்கத்துக்கு 600 பேர் வந்து, நூற்றுக்கு மூன்று பேர் விசாரணைப் படிவத்தை நிரப்பி, உறுதிசெய்த ஒரு விசாரணைக்கு உள்ளூர் டீலர் 150 ரூபாய் தந்தால் 2,700 ரூபாய். 25-ல் ஒரு பங்கு வாசகர், நாலரை மடங்கு பணம்.

காரணம் எளிது. பெரிய சாஃப்ட்னரை யாரும் கார்ட்டில் போட்டு வாங்குவதில்லை. ஆள் வந்து பார்த்துப் பொருத்த வேண்டும். அதனால் டீலருக்கு விசாரணைதான் உயிர். ஆர்.ஓ. ஃபில்டர், டிடிஎஸ் மீட்டர், ஷவர் ஃபில்டர் போன்ற சிறுபொருள்களுக்குத்தான் அஃபிலியேட் லிங்க் (அதன் வழியாக வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் இணைப்பு) பொருந்தும். உங்கள் துறையில் பொருள் பார்சலில் போகுமா, ஆள் வர வேண்டுமா என்று பாருங்கள். வருமான வழி அதிலேயே முடிவாகிவிடும்.

டீலர் ஏற்பாட்டில் சண்டை வருகிற இடம், எது 'விசாரணை' என்பது. பெயர், ஊர், தண்ணீர் அளவு, போன் எண் ஆகிய நான்கும் இருந்து, முதல் அழைப்பில் எடுத்தால் ஒன்று என எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பத்து விசாரணையை இலவசமாகக் கொடுங்கள்; இரண்டாம் மாதம் விலை பேசலாம். ஒரே ஊருக்கு இரண்டு டீலர் இருப்பது நல்லது, ஒருவர் பணத்தை இழுத்தடித்தால் தளம் நிற்காது. படிவத்தின் கீழே, எண்ணை யாருக்கு, எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று தெளிவாக எழுதி ஒப்புதல் வாங்குங்கள். 2023-ம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்கிறது.

அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் தளம் தொடங்கிய அன்றே சேராமல், நாளுக்கு 50 பேராவது வரத் தொடங்கியதும் சேருங்கள். விலையைக் கையால் எழுதி வைக்காதீர்கள். அவர்களுடைய விதிக்கு மாறானது, மறுவாரமே பொய்யும் ஆகிவிடும். கமிஷன் வருகிறது என்பதை லிங்க்குக்கு மேலேயே தமிழில் சொல்லிவிட வேண்டும். தவறான விளம்பரங்கள் பற்றிய 2022-ம் ஆண்டின் மத்திய வழிகாட்டு நெறிகளும் பணத் தொடர்பை மறைக்கக் கூடாது என்கின்றன.

தளத்தில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. 25 நல்ல கட்டுரை வந்தபின் விண்ணப்பியுங்கள். 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்' என்று திருப்பினால் பெரும்பாலும் காரணம் ஒரே மாதிரியான, மெலிந்த பக்கங்கள்; அவற்றை இணைத்துவிட்டு மறுபடி கொடுங்கள். 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குக் குறியீட்டெண் தபாலில் வரும். 100 டாலர் ஆனால்தான் பணம் வெளியே வரும். சொந்த விளம்பரத்தைத் தானே அழுத்துவதும், நண்பர்களை அழுத்தச் சொல்வதும் கணக்கை முடித்துவிடும்.

## வாசகர் வருவதும், வராமல் போவதும்

முதல் மூன்று மாதம் கூகுளிலிருந்து கிட்டத்தட்ட யாரும் வரமாட்டார்கள். அந்த இடைவெளியை ஆட்களால் நிரப்புங்கள். பேசிய பிளம்பருக்கும் ஆய்வகத்துக்கும் அறிக்கை விளக்கக் கட்டுரையை அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கு வாயால் விளக்குவதை விட லிங்க் அனுப்புவது அவர்களுக்குச் சுலபம். அபார்ட்மென்ட் சங்கம் ஒன்றில் ஞாயிறு காலை இலவசமாகத் தண்ணீர் அளந்து கொடுத்து, முடிவு எழுதிய சீட்டில் தள முகவரியின் கியூஆர் குறியை அச்சிடுங்கள்.

நான்காம் மாதத்திலிருந்து சர்ச் கன்சோலை வாரம் ஒருமுறை திறந்தால் போதும். சராசரி இடம் 8-லிருந்து 20-க்குள் இருக்கும் தேடல்களை மட்டும் பாருங்கள். அந்தச் சொல் கட்டுரையில் துணைத்தலைப்பாக இருக்கிறதா? இல்லையென்றால் சேர்த்து, விடையை எழுதுங்கள். ஒரே தேடலுக்கு உங்கள் இரண்டு பக்கங்கள் மாறி மாறி வந்தால் ஒன்றை மற்றதோடு சேர்த்து, பழைய முகவரியைத் திருப்பிவிடுங்கள். காட்டப்படுவது அதிகம், அழுத்துவது குறைவு என்றால் கோளாறு தலைப்பில்.

சரிகிற தளங்களில் அடிக்கடி தென்படும் காரணம், பார்க்காத பொருளுக்கு 'சிறந்த 10' பட்டியல் போடுவது. விற்பனைப் பக்கத்தின் அம்சங்களை மொழிபெயர்த்தால் கூகுளுக்கும் தெரிகிறது, வாசகருக்கும் தெரிகிறது. பத்து வேண்டாம், கழற்றிப் பார்த்த மூன்றை எழுதுங்கள். வாங்கக் காசில்லையென்றால் சர்வீஸ் சென்டரில் அரை நாள் உட்கார்ந்து, உடைந்து வருவதைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள்.

பன்னிரண்டாம் மாத முடிவில் 40 கட்டுரையும் இருந்து, நாளுக்கு 30 பேர்கூடத் தேடலிலிருந்து வரவில்லை, ஒரு டீலரும் பணம் தரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அளவுகளையும் படங்களையும் யூடியூபுக்கு எடுத்துப் போகலாம். சில துறைகளில் தமிழர்கள் படிப்பதில்லை, பார்க்கிறார்கள்.

நடக்கத் தொடங்கிய தளத்துக்கு ஆண்டில் இரண்டு தடவை வேலை இருக்கிறது. அதே பத்து வீடுகளின் போர் தண்ணீரை மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பர் கடைசியிலும் அளந்து, கட்டுரையிலுள்ள எண்ணையும் தேதியையும் மாற்றுங்கள். கோடையில் உப்பு ஏறும்போதுதான் தேடலும் ஏறும் என்பதால் புதுக் கட்டுரைகள் ஜனவரிக்குள் ஏறியிருக்க வேண்டும். கூகுள் கண்டுகொள்ள அந்த இரண்டு மூன்று மாதம் தேவைப்படும். கமிஷன், விளம்பரம், டீலர் பணம் மூன்றையும் தனி வங்கிக் கணக்கில் வரவைத்து மார்ச் முடிவில் ஆடிட்டரிடம் கொடுங்கள். அங்கே அவர் டிடிஎஸ் எவ்வளவு என்று கேட்பார். அது தண்ணீர் டிடிஎஸ் இல்லை.